வீட்டில் இஞ்சி பீர்: பெங்களூர்ச் சமையலறைக்கு ஒரு செய்முறை

பீர் ஆலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் எங்கள் அல்சூர்ப் பக்கத்தில் பீர்மேல் ஆசை வந்த பையன்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள். "அண்ணே, வீட்டிலேயே பீர் போடணும், என்னென்ன வாங்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இஞ்சி வாங்கு, சர்க்கரை வாங்கு, எலுமிச்சை வாங்கு. இஞ்சிச் சர்க்கரைத் தண்ணீரை லேசாக நொதிக்க வைத்து நுரைக்கச் செய்யும் இஞ்சி பீரில் ஆரம்பி.

காரணம் இரண்டு. முதலாவது சட்டம். மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஊறவைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் காய்ச்சி, ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைச் சேர்த்து நொதிக்க வைக்கும் நிஜ பீரை உரிமம் இல்லாமல் தயாரிக்க 1965ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டம் இடம் தருவதில்லை. இந்திராநகரில் இருக்கும் மைக்ரோபுரூவரிகள், அதாவது அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் சின்ன ஆலைகள் எல்லாம் உரிமம் வாங்கித்தான் நடத்துகிறார்கள். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். பீர் தயாரிப்பில் கஷ்டமான பாடங்கள் என்று எதையெல்லாம் சொல்வார்களோ, அவை எல்லாம் இஞ்சி பீரிலும் இருக்கின்றன: சுத்தம், ஈஸ்ட்டை வளர்ப்பது, வெப்பநிலை பார்ப்பது, பாட்டிலுக்குள் ஏறும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. ருசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது வந்துவிடும். வாயுவை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைத்தான் பழக வேண்டும். நான் அதிகம் சொல்லப்போவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் இஞ்சி. நான் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்குகிறேன். அங்கே எனக்கு இஞ்சி கொடுக்கும் பெரியவர் "புதுசா, பழசா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் அள்ளுவார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. புது இஞ்சியில் தோல் மெல்லிசு, நார் கிடையாது, சாறு நிறைய, காரம் கம்மி. பழைய இஞ்சியை ஒடித்தால் நார் தெரியும், மணமும் காரமும் தூக்கலாக இருக்கும். நமக்குப் பழசுதான் வேண்டும். ஹாசன், குடகு, சிவமொக்கா பக்கமெல்லாம் இஞ்சி விளைகிறது, அதனால் இங்கே நல்ல இஞ்சிக்குப் பஞ்சமில்லை. மண் ஒட்டியிருக்கும் கிழங்காகப் பார்த்துப் பொறுக்குங்கள். பளபளவென்று தேய்த்துக் கழுவி வைத்திருக்கும் இஞ்சியில் தோல் பாதி போயிருக்கும். நம் வேலையைச் செய்யப்போகும் ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது.

தண்ணீர் விஷயம் சின்னது. காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது ஈஸ்ட்டுக்கு ஆகாது. கொதிக்க வைத்து ஆறவிட்டால் போய்விடும். போர்வெல் தண்ணீரையும் அப்படியே கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள், வாயில் உப்புக் கரிக்காமல் இருந்தால் சரி.

பாத்திரத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். எவர்சில்வரும் கண்ணாடியும் நல்லது. பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோகம் கரையும். ஊறுகாய் இருந்த ஜாடியும் வேண்டாம். இஞ்சி பூண்டு விழுது அரைக்கும் மிக்ஸி ஜாரில் இந்த இஞ்சியை அரைக்கவே அரைக்காதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் அந்த மூடியின் ரப்பரில் பூண்டு வாசனை இருக்கும், அது பாட்டில்வரை வந்து சேரும். ஒரு துருவலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பது ஆலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு வாசனை போக அலசி, அதற்குப் பிறகு கரண்டி, வடிகட்டி, புனல் எல்லாவற்றையும் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். கண்ணாடி ஜாடியைச் சூடான தண்ணீரால் முதலில் பழக்கிவிட்டு அப்புறம் கொதிநீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும்.

இப்போது உறை. தயிருக்கு உறைமோர் மாதிரி இஞ்சி பீருக்கும் ஓர் உறை வேண்டும். ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடியில், கொதித்து ஆறிய தண்ணீர் 400 மில்லி ஊற்றுங்கள். இஞ்சியை மண் போகப் பச்சைத் தண்ணீரில் அலசி, தோல் சீவாமல் துருவி, இரண்டு மேசைக்கரண்டி போடுங்கள். சர்க்கரையும் அதே அளவு. நன்றாகக் கலக்கி, மெல்லிய துணியால் வாயை மூடி, ரப்பர் பேண்ட் போடுங்கள். காற்று போய்வர வேண்டும், பழ ஈ உள்ளே போகக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், வெயில் படும் ஜன்னலிலும் வேண்டாம். தினமும் ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு, காலையும் மாலையும் கலக்குங்கள்.

முதல் நாள் ஒன்றும் நடக்காது, சர்க்கரைத் தண்ணீரில் இஞ்சி மிதக்கும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் தண்ணீர் லேசாகக் கலங்கும். அதற்கடுத்து ஒரு நாள் காலையில் ஜாடியைப் பார்த்தால், துருவல் முழுக்க மேலே ஏறி ஒரு தட்டாகத் திரண்டிருக்கும். அதற்குக் கீழே கண்ணாடியை ஒட்டி ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே போகும். காதை ஜாடியின் வாயருகே கொண்டுபோனால் சன்னமாகச் சொரசொரவென்று ஒரு சத்தம் கேட்கும். கரண்டியை விட்டுக் கலக்கினால் நுரை சீறிக்கொண்டு எழும்பும். பச்சை இஞ்சி நெடி குறைந்து, பழம் கனிந்த வாசனையும் கொஞ்சம் புளிப்பும் சேர்ந்திருக்கும். சர்க்கரை போட்ட சில மணி நேரத்தில் இப்படி நுரை கட்டினால் உறை தயார்.

எத்தனை நாள் ஆகும்? குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகளில் இருக்கும் நாள் கணக்கை இங்கே நம்ப வேண்டாம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் வீட்டுக்குள் 22 முதல் 27 டிகிரி, ஈஸ்ட்டுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம். ஏப்ரலில் மூன்று நான்கு நாளில் உறை தயாராகிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஒரு வாரம்கூட ஆகும். நாளைப் பார்க்காதீர்கள், நுரையைப் பாருங்கள்.

அந்த ஜாடிக்குள் ஈஸ்ட் மட்டும் இல்லை. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவும் கூடவே இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் தருகிறது. பாக்டீரியா புளிப்பைத் தருகிறது, அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அண்டவிடாது. இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த இஞ்சி பீர் உறையை ஆராய்ந்து, அதில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன என்று 1892இல் விரிவாக எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு இலங்கைக் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை அங்கேயே போய் ஆராய்ந்தவரும் இவர்தான். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ஒரு சாதாரண வீட்டுப் பானத்துக்காக அத்தனை பொறுமையாக நுண்ணோக்கியில் கண் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

பஞ்சுபோலப் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். அழுகிய நாற்றம் வந்தாலும் கோழை மாதிரி இழுத்தாலும் அதே கதிதான். தினமும் இரண்டு முறை கலக்கினால் பெரும்பாலும் பூஞ்சை வராது, மேலே மிதக்கும் இஞ்சி காய்ந்து போவதால்தான் அது பிடிக்கிறது.

உறை தயாரான அன்று பாகு காய்ச்சலாம். இரண்டு லிட்டருக்கு அளவு சொல்கிறேன். பழைய இஞ்சி 150 கிராம். இதைத் தோல் சீவினாலும் சரி, சீவாவிட்டாலும் சரி, துருவிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இஞ்சியைப் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், வேக வேகக் காரம் குறைந்த ஜிஞ்சரோனாக மாறும். காரம் சுரீரென்று இருக்க வேண்டும் என்பவர்கள், இஞ்சியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைத்து அடுப்பை அணைத்த பிறகு போடலாம். சுக்குப் பொடி அரைக் கரண்டி சேர்த்தாலும் தூக்கும். இஞ்சி காயும்போது ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் காரம்.

அடுப்பை அணைத்துவிட்டு 180 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். வெள்ளைச் சர்க்கரையில் இஞ்சி வாசனை தெளிவாக நிற்கும். மண்டியா வெல்லம் கொஞ்சம் கலந்தால் நிறமும் ஆழமும் வரும், ஆனால் கால் பங்குக்கு மேல் போனால் வெல்லம்தான் ருசிக்கும், இஞ்சி காணாமல் போகும். பிறகு மூடி வைத்து ஆறவிடுங்கள். வடிகட்டி, கொதித்து ஆறிய தண்ணீர் 800 மில்லி சேருங்கள். நன்றாக ஆறியதும் நான்கு எலுமிச்சம்பழத்தின் சாறு. தோலையும் வெள்ளைச் சதையையும் கூடப் போட்டுக் கொதிக்க விட்டால் கசக்கும், சாறு மட்டும் போதும். இந்தக் கட்டத்தில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நீங்கள் விரும்பும் இனிப்பைவிட ஒரு துளி அதிகமாகவே தெரிய வேண்டும், ஏனென்றால் ஈஸ்ட்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. 30 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் உறையை வடிகட்டி 200 மில்லி ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். வாயுவே வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான்.

பாட்டிலுக்கு வருவோம். முதல் சில முறை கண்ணாடிப் பாட்டிலே வேண்டாம். சோடாவோ கோலாவோ இருந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். அது அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்தது, அடிப்பக்கத்தில் ஐந்து கால் விட்டிருக்கும். குடிதண்ணீர் பாட்டில் மெல்லிசு, அதைத் தொடாதீர்கள். ஒன்றேகால் லிட்டர் பாட்டில் இரண்டை எடுத்துக் கழுவி, சாதாரணச் சூட்டில் இருக்கும் வெந்நீரில் அலசுங்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும். புனல் வைத்து ஊற்றி, கழுத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டு, இறுக்கி மூடுங்கள்.

இனி கணக்கு. ஒரு லிட்டர் பானத்தில் ஈஸ்ட் 4 கிராம் சர்க்கரையைத் தின்றால் சுமார் 2 கிராம் கரியமில வாயு உண்டாகும். அதை வெளியே விட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் பிடிக்கும். ஒரு லிட்டர் பானத்துக்குள் ஒரு லிட்டர் வாயு, ஆலையில் இதை ஒரு வால்யூம் என்போம். லாகர் பீரில் இரண்டரை வால்யூம் அளவுக்கு இருக்கும். கோலாவில் நான்கைத் தொடும். நம் பாட்டிலில் லிட்டருக்குச் சுமார் 90 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் அத்தனையையும் தின்று முடித்தால் 20 வால்யூமைத் தாண்டும். அதற்கு எந்தப் பாட்டிலும் தாங்காது, வெடிக்கும். கண்ணாடியாக இருந்தால் சில்லு கண்ணில் போகும். ஈஸ்ட் தானாக நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும். குளிர்தான் நம் கையில் இருக்கும் ஒரே பிரேக்.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வால்யூம் வாயுவோடும் கால் சதவீதத்துக்குச் சற்று மேல் ஆல்கஹால் வரும். இரண்டு வால்யூம் என்றால் அரை சதவீதத்தைத் தொட்டுவிடுகிறோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். எனவே சீக்கிரம் நிறுத்துவதில் எல்லா நன்மையும் இருக்கிறது: பாட்டில் வெடிக்காது, இனிப்பு நிற்கும், ஆல்கஹாலும் ஏறாது. மெல்லிய நுரைப்போடு நிறுத்திப் பழகுங்கள். அப்போதும் துளிகூட ஆல்கஹால் இல்லை என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும், மதுவை அறவே தொடாதவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். விலைக்கு விற்கவும் கூடாது.

நிறுத்தும் நேரத்தைக் கட்டைவிரல் சொல்லிவிடும். மூடியவுடன் பாட்டிலின் நடுப்பகுதியை அழுத்திப் பாருங்கள். பொசுக்கென்று உள்ளே போகும். கடையிலிருந்து வாங்கிய, திறக்காத சோடா பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதையும் அழுத்துங்கள், கல்லாக இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் குழிந்து, விரலை எடுத்ததும் டப்பென்று பழைய நிலைக்கு வர வேண்டும். அந்தப் பதம் வந்த நிமிடமே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் வந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தொட்டுப் பாருங்கள். சாயங்காலம் பாட்டிலில் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பதெல்லாம் டிசம்பருக்குத்தான், அப்போது இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த நேரம் முழுவதும் பாட்டில்கள் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் இருக்கட்டும். பாட்டிலின் அடி உப்பி, நிற்க முடியாமல் ஆடினால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகு, கழுவுதொட்டிக்குள் வைத்துக்கொண்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வாயுவை விடுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த அன்றே திறக்காதீர்கள். கழுத்தில் சேர்ந்திருக்கும் வாயு குளிர்ந்த திரவத்துக்குள் கரைய ஒரு நாள் வேண்டும். பொறுத்தால் நுரை சன்னமாக, நாக்கில் நின்று பேசும். அவசரப்பட்டால் ஒரே சீறலில் எல்லாம் வெளியே போய்விடும். அடியில் படிந்திருக்கும் வண்டல் ஈஸ்ட்தான், கெடுதல் இல்லை. கலக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜுக்குள்ளும் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஒரு வாரத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கரண்ட் நீண்ட நேரம் போனால் அன்று கட்டாயம் பாருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும்.

வாயு வராத பாட்டில் பற்றி ஒரு வார்த்தை. மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பட்டை தேய்ந்திருந்தால் வாயு கசியும், மூடியை மாற்றுங்கள். மூடி சரியென்றால் உறை சோம்பலாக இருக்கிறது. இரண்டு நாள் சர்க்கரையும் இஞ்சியும் போட்டுத் தேற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள். உறைக்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட்டை இரண்டு லிட்டருக்கு ஒரு சிட்டிகை போடலாம். வாயு வேகமாக வரும், ஒரே இரவில் பாட்டில் இறுகிவிடும். ஆனால் பன் வாசனை அடிக்கும், உறை தரும் புளிப்பும் வராது. எனக்கு அது பிடிப்பதில்லை. காடி வாசனை வந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள், அசிட்டிக் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அதைச் சரிசெய்ய முடியாது.

ஒருமுறை பதம் கைவந்துவிட்டால் விளையாடிப் பாருங்கள். பெல்ஜியத்தில் கோதுமை பீருக்குக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். இங்கே குடகு ஆரஞ்சு வரும் பருவத்தில் அதன் தோலின் மேல்பகுதியை மட்டும் சீவி, ஒரு கரண்டி தனியாவை ஒன்றிரண்டாக நசுக்கி, இஞ்சி கொதிக்கும்போது கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். இஞ்சி பீரில் எனக்குப் பிடித்தது இதுதான். மிளகு நான்கைந்து தட்டிப் போட்டாலும் நன்றாக இருக்கும்.

மிச்சமிருக்கும் உறையைக் கொட்டிவிடாதீர்கள். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, இஞ்சியும் சர்க்கரையும் போட்டு, மூடியை இறுக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து, வாரம் ஒருமுறை ஒரு கரண்டி சர்க்கரையும் இஞ்சியும் கொடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும். அடுத்த முறை செய்வதற்கு ஒரு நாள் முன்பு வெளியே எடுத்து வைத்து, சர்க்கரை போட்டு, நுரை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், இஞ்சிப் பாகை இன்னும் கெட்டியாகக் காய்ச்சி, உறை சேர்க்காமல் தனியாக ஒரு பாட்டிலில் எடுத்து வையுங்கள். ஒரு பங்கு பாகு, நான்கு பங்கு குளிர்ந்த சோடா, கொஞ்சம் எலுமிச்சை. அவர்களுக்கு அது போதும்.